ஹாஸ்லரின் காலரில் எத்தனை பட்டை

முதலில் ஒரு சின்னத் திருத்தம். உங்கள் அறிக்கையில் ராய்ஸ் போட்டிருந்ததை 'விண்வெளி வீரர் உடை' என்று குறித்திருக்கிறீர்கள். அது விண்வெளி வீரர் உடை அல்ல, மேடம். உலை அறைக்குள் போகும் பொறியாளர் போடுகிற காப்புடை. விண்வெளி உடை வெள்ளை, இது சாம்பல். டிவியில் வந்த 'தொலைக்கரை' தொடரைப் பார்த்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள், அது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் எழுதுவதைச் சரியாக எழுதிவிட்டால் பின்னால் யாரும் குறை சொல்ல முடியாது.

காப்பிக்கு நன்றி. என் பெயர் வெண்டல் கிரப். இந்த ஃபோர்ட் வேன் ஊரிலேயே பிறந்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே ஓய்வு பெற்றவன். வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஹீட்டர், ஏசி, காற்றுக்குழாய் போடுவது தொழில். ஒரு காலத்தில் மனைவி இருந்தாள். அவள் போனதற்குத் 'தொலைக்கரை'தான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னாள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ராய்ஸ் காரணம் என்பாள். வாரக் கடைசி முழுவதையும் அவனுக்கே கொடுத்துவிட்டேனாம். அதுவும் உண்மைதான்.

ராய்ஸ் டில்மனை நான் முதலில் பார்த்தது காமிக்ஸ் கடையில். தபால்காரச் சட்டையோடு நின்று கடைக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். பொறியாளர் ஹாஸ்லர் சாகும்போது கேப்டனாகச் செத்தார் என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. நான் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி, "தப்பு" என்றேன்.

"உங்களை யாராவது கேட்டாங்களா?" என்றான்.

"கேக்கலை. தப்பைக் கேட்டுட்டு சும்மா இருக்க வரமாட்டேங்குது."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, "பக்கத்துக் கடையில சாண்ட்விச் நல்லாருக்கும். வாங்க, இது சட்டுனு முடியிற விஷயம் இல்ல" என்றான்.

முடியவில்லை. முப்பது வருஷம் ஓடியது.

என்ன தகராறு என்று கேட்டீர்கள். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதியில் ஹெரான் என்ற விண்வெளிப் போர்க்கப்பல் அடிபட்டுக் கிடக்கிறது. மேல்தளத்தில் கேப்டன் சாகிறார். சாகும்போது ஹாஸ்லரைப் பார்த்து, கப்பல் இனி உன்னுடையது என்கிறார். ஹாஸ்லர் இறங்கிப் போய், உலை அறைக் கதவை அடைத்துக்கொண்டு, கசிவை நிறுத்திவிட்டு, மண்டியிட்டுச் சாகிறார். அவர் செத்தது கமாண்டராகவா, கேப்டனாகவா? காலரில் இருந்தவை மூன்று பட்டைகள். கேப்டனுக்கு நான்கு வேண்டும். பதவி உயர்வு என்றால் ஆணை வேண்டும், பட்டை குத்த வேண்டும். இரண்டும் நடக்கவில்லை, ஆகவே கமாண்டர். இது என் கட்சி. கப்பலை யார் கையில் கொடுத்தார்களோ அவன்தான் கேப்டன், குத்திவிட ஆள் உயிரோடு இல்லை என்பதற்காக நான்காவது பட்டை இல்லாமல் போய்விடாது. இது ராய்ஸின் கட்சி.

சிரிக்காமல் கேட்கிறீர்கள். வெளியாட்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஹாஸ்லரைப் பற்றிப் பேசியபோதெல்லாம் நாங்கள் வேறு பலவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம். அவனுடைய மனைவி டார்லா புற்றுநோயில் போன வருஷம், அவன் என்னிடம் ஒருநாளும் அழவில்லை. அதற்குப் பதிலாக, ஹாஸ்லருக்குப் பட்டை குத்தாமல் விட்டது எவ்வளவு பெரிய அநியாயம் என்று கண் சிவக்கச் சிவக்கப் பேசினான். நானும் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நின்றேன். விட்டுக்கொடுத்திருந்தால் அவன் உடைந்து போயிருப்பான். அந்த வருஷம் அவனைத் தூக்கி நிறுத்தியது அந்தச் சண்டைதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

எங்கள் ரசிகர் மன்றத்தில் ஊர்க் கிளைகளைக் கிளை என்று சொல்வதில்லை, கப்பல் என்போம். எங்கள் கப்பலுக்கு ராய்ஸ் கேப்டன், நான் துணை. வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்ததுதான், விளையாட்டில்லை. சனிக்கிழமைகளில் அதே சாண்ட்விச் கடையின் பின்பக்க மேசையில் கூடுவோம். தட்டை விடப் பெரிய பன்றியிறைச்சி வறுவல், ரொட்டிக்கு வெளியே நாலா பக்கமும் தொங்கும். ஹெரானுக்கு எத்தனை இறங்குதளம், சீருடைத் துணி சாம்பலா பச்சையா என்று ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று கிளம்பும். துணி சாம்பல்தான். படப்பிடிப்பு விளக்கில் பச்சையாகத் தெரியும். இதில் மட்டும் நானும் ராய்ஸும் ஒரே கட்சி. பச்சை என்று சொன்னவர்களை இருவருமாகச் சேர்ந்து ஒருவழி பண்ணிவிடுவோம்.

அவனுக்கு இதயத்தில் அடைப்பு வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். குழாய் வைத்து முடித்து, மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவன் என்னைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை, "நாலு." நர்ஸ் பயந்துபோய் என்ன நாலு என்று கேட்டாள். நான் சிரித்துச் சிரித்து வெளியே போய் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி உடை. ஹாஸ்லரின் காப்புடையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். தையல் அவனுடையது, தலைக்கவசமும் காற்று ஏற்பாடும் என்னுடையவை. அந்தக் கவசம் கழுத்து வளையத்தில் பூட்டிக்கொள்ளும். காற்று புக இடம் கிடையாது, ஏனென்றால் திரையில் இருப்பதும் அப்படித்தான். அதனால் முதுகுப் பையில் ஒரு குட்டி விசிறி வைத்து, உள்ளே காற்று வரும்படி செய்திருந்தேன். இப்படி முழுக்க மூடிய உடை போடுகிறவன் தனியாக நடமாட முடியாது. பக்கவாட்டில் எதுவும் தெரியாது, காது சரியாகக் கேட்காது, படியில் கால் வைக்கவே ஆள் வேண்டும். ஆகவே கூடவே ஒருவன் போவான். அவனைக் கைத்துணை என்போம். தண்ணீர் கொடுப்பது, கூட்டத்தை விலக்குவது, வேர்த்துக் கொட்டினால் ஓரமாகக் கூட்டிப்போய்க் கவசத்தைத் திறந்துவிடுவது எல்லாம் அவன் பொறுப்பு. உடை போட்டவன் கவசத்தில் இரண்டு தடவை தட்டினால் அர்த்தம் ஒன்றுதான்: உடனே திற. உலகத்தில் எந்த ஊர் ரசிகர் விழாவுக்குப் போனாலும் கைத்துணை அதை மதிப்பான். எந்த வேஷம், எந்தப் போட்டி, யார் நடுவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ராய்ஸுக்குக் கைத்துணை எப்போதும் நான்தான்.

ஒவ்வொரு வருஷமும் விழாவின் வேஷப் போட்டியில் அவன் நான்கு பட்டையோடு மேடை ஏறுவான். நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். 'திரையில் மூன்று' என்று குறிப்பு எழுதுவார்கள். அவன் அதைப் படித்துவிட்டு நடுவர் மேசைக்கே போய் நின்று வாதாடுவான். நான் பின்னால் நின்று, "நான் அப்பவே சொன்னேன்" என்பேன். பரிசு ஒரு தடவையும் வந்ததில்லை. அதைப் பற்றி அவனுக்கும் கவலையில்லை, எனக்கும் இல்லை.

போன வசந்தத்தில் அவன் உடையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கார் நிறுத்தும் கொட்டகையில் நான் எதையோ பிரித்துப் போட்டிருந்தேன். மேசையில் காப்புடையை விரித்தான். காலரைப் பார்த்தேன். மூன்று பட்டை.

"என்னடா இது?" என்றேன்.

"நீ சொன்னதே சரி. அவரு கமாண்டர்தான். மூணே போட்டுட்டேன்."

"எப்படி? திடீர்னு எப்படி?"

"திடீர்னு என்ன... யோசிச்சுப் பாத்தேன். நீ சொல்றதுல நியாயம் இருக்கு. விடு."

"கேப்டன் சொன்னது? கப்பல் உன்னுதுன்னு சொன்னது?"

"டேய், டிவி நாடகம்டா அது. எழுதினவனே அதை இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டான்." சிரித்தான். பிறகு என் தோளில் கை வைத்து, "ஷானனுக்குக் குழந்தை பொறந்திருக்குல்ல. டூசான்ல அவ வீட்டுக்குப் பின்னாடியே எனக்கு ஒரு ரூம் கட்டிட்டா. வெயில் காலம் முடிஞ்சதும் கிளம்பறேன். கப்பல் உனக்குத்தான். இந்த உடையும் போட்டி முடிஞ்சதும் நீயே வச்சுக்க" என்றான்.

ஷானன் அவன் மகள். கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்குத் தெரியும். நல்ல பெண். அவள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் சந்தோஷம் என்று சொன்னேன். இருவரும் பியர் குடித்தோம். பேத்தியின் படத்தைக் காட்டினான். அங்கே, நாட்டின் மறுகோடியில், பாலைவனத்தில் காலையில் நடக்கப் போவதைப் பற்றிப் பேசினான். நான் சும்மா இருக்க முடியாமல், ஹெரானின் இறங்குதளக் கணக்கை எடுத்தேன். அவன், "ஆமா, நீ சொல்ற மாதிரிதான் இருக்கும்" என்றான். சீருடை ஒருவேளை பச்சைதானோ என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். "இருக்கலாம்" என்றான், மேடம். இருக்கலாமாம்.

அவன் போன பிறகு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரோ என் வீட்டுக்குள் புகுந்து, ஒரு சாமானையும் தொடாமல் வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. முப்பது வருஷம் அவன் என்னோடு சண்டை போட்டது ஹாஸ்லருக்காகவா, அல்லது சனிக்கிழமை போக வேறு இடம் இல்லாததாலா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கேள்வியை அவனிடமே கேட்டிருக்கலாம். நாங்கள் அப்படிப் பேசிப் பழகியவர்கள் இல்லை.

உடை என் கொட்டகையிலேயே இருந்தது. போட்டியின் மேல்நிலைப் பிரிவில் அவன் பெயரைக் கொடுத்திருந்தேன். அதில் நடுவர்கள் மேடைக்கு வந்து கையெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பார்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவார்கள். அதனால் சில வேலைகள் பார்த்தேன். பழைய விசிறி ரீங்காரம் போடும். உலை அறைக் காட்சியில் மூச்சுச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது. ஆகவே சத்தமில்லாத சின்ன விசிறியாக மாற்றினேன். உங்கள் ஆட்கள் அதை அளந்து பார்த்து, அது ஒரு பூனைக்குட்டிக்குக் கூடப் போதாது என்று எழுதியிருக்கிறார்களாம். சரிதான். ஒரு ஆளுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தேன். நடந்து போய்த் திரும்புகிற நேரத்துக்குத் தாங்கும், நின்றால் தாங்காது என்று எனக்குத் தெரியும். அவன் நிற்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

கழுத்து வளையத்துக்கு உள்ளே ஒரு நாடா வைத்திருந்தோம். ஆபத்து என்றால் கையுறையோடு இழுத்தாலே பூட்டு விட்டுவிடும். திரையில் அந்த நாடா கிடையாது. அதையும் எடுத்துவிட்டேன். அதை ராய்ஸிடம் சொன்னதாக முதலில் உங்களிடம் கூறினேன். சொல்லவில்லை.

விழாவன்று மதியம் ஓட்டல் அறையில் அவனுக்கு உடை மாட்டிவிட்டேன். ஆள் மெலிந்திருந்தான், இடுப்பில் ஊசி குத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

"விசிறி சத்தமே காணோமே?" என்றான்.

"மாத்திட்டேன். சத்தமில்லாதது."

"நீ கை வச்சா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

கவசத்தைப் பூட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், நான் கேட்டேன். "ராய்ஸ், நாலாவது பட்டையை நான் கொண்டுவந்திருக்கேன். பாக்கெட்லதான் இருக்கு. குத்திடட்டுமா?"

"எதுக்குடா? இந்த ஒரு தடவையாவது மார்க்கு விழட்டுமே. உனக்கும் ஒரு கோப்பை கிடைச்ச மாதிரி இருக்கும்ல."

பூட்டினேன்.

வரிசை நகரவே இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெண்ணின் இறக்கை மேடைத் திரையில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க நேரமாயிற்று. மற்றவர்கள் எல்லாம் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கைத்துணை ஆட்கள் விசிறிவிட்டார்கள். நான் ராய்ஸின் கவசத்தைக் கழற்றவில்லை. மறுபடி பூட்டினால் வளையத்தில் கீறல் விழும் என்று சொல்லிக்கொண்டேன்.

மேடைக்கு ஏறும்போதே அவன் நடை சரியில்லை. படியில் என் மீது சாய்ந்தான். நடுவிடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் ஓரமாக வந்து நின்றேன். அவன் நடந்து போய்த் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. மண்டியிடுவது கிடையாது. அவன் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது என்று பல வருஷம் முன்பே விட்டுவிட்டோம். இது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அவன் கவசத்தில் இரண்டு தடவை தட்டினான்.

நான் பார்க்கவில்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். பார்த்தேன். மறுபடியும் தட்டினான். என் பக்கம் திரும்பப் பார்த்தான், உடை கனத்தில் முடியவில்லை. பிறகு மண்டியிட்டான்.

அங்கேதான் எங்கள் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாஸ்லர் மண்டியிடும் காட்சியை யார், எங்கே செய்தாலும், கூடியிருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வலது கை முஷ்டியை இடது தோளில் வைத்து வணக்கம் செய்வார்கள். அவர் சாயும் வரை ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். தொடரில் உலை அறைக்கு வெளியே நின்ற மாலுமிகள் அப்படித்தான் செய்தார்கள். மண்டபமே எழுந்து நின்றது. பெற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். பலர் அழுதார்கள். இவ்வளவு தத்ரூபமாக இதுவரை யாரும் செய்ததில்லை என்று பின்னால் ஒருவர் கிசுகிசுத்தது கேட்டது.

மேடைப் பொறுப்பில் இருந்த பெண் மட்டும் என் பக்கத்தில் வந்தாள். அந்தத் தொடரைப் பார்க்காதவளாக இருக்க வேண்டும். "சார், அவருக்கு ஒண்ணுமில்லையே? கை நடுங்குது பாருங்க" என்றாள்.

"நடிப்பும்மா. இந்த இடத்துல அப்படித்தான் நடுங்கணும்" என்றேன்.

"நெஜமாவா?"

"நான்தான் அவருக்குக் கைத்துணை" என்றேன்.

அதைக் கேட்டதும் அவள் நம்பிவிட்டாள். கைத்துணை சொன்னால் நம்ப வேண்டும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவளை ஒன்றும் செய்துவிடாதீர்கள். அவள் செய்தது சரி.

ராய்ஸ் பக்கவாட்டில் சாய்ந்தான். கைதட்டல் எழுந்தது, நிற்கவே இல்லை. அது ஓய்ந்த பிறகுதான் நான் போய்க் கவசத்தைத் திறந்தேன். முதலில் கீறல் விழாமல் திறக்கப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் முகம் சாம்பலாக இருந்தது. மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். உரக்கத்தான் கூப்பிட்டேன். அப்போது நான் அழுதது நடிப்பு என்று அவனுடைய மகள் சொல்லியிருக்கிறாளாம். இல்லை. என் உயிரே போனதாகத்தான் அழுதேன்.

ஷானன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு எதுவும் தெரியாது. "வெண்டல் மாமா, கடைசியில அப்பா தனியா இல்லை, நீங்க பக்கத்துல இருந்தீங்க. அது போதும் எனக்கு" என்றாள். பேத்தி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ராய்ஸின் காது அந்தக் குழந்தைக்கு. நான் காரில் வந்து உட்கார்ந்தேன். மறுநாள் நானாகவே மறுபடியும் உங்களிடம் வந்தது அந்த வார்த்தையைத் தாங்க முடியாமல்தான்.

உங்களுக்கு இன்னும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை என்கிறீர்கள். உடை போட்டவனும் கைத்துணையும் பேசிக்கொள்ளச் சின்ன ஒலிக்கருவி வைத்துக்கொள்வோம். அவன் கவசத்துக்குள் ஒன்று, என் காதில் ஒன்று. என்னுடையது அன்றைக்கு வேலை செய்யவில்லை, அதனால்தான் அவன் கூப்பிட்டது கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஆட்கள் சோதித்துவிட்டு, அது நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் கேட்டது.

முதலில், "வெண்டல், காத்து வரலைடா" என்றான். பிறகு, "திறடா" என்றான். "விளையாடாத" என்றான். நான் கருவியின் ஒலிவாங்கியை வாய்க்கருகே கொண்டுபோய், "அவரு கேப்டனா, கமாண்டரா? சொல்லு" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், மேடையில் யாருக்கும் கேட்டிருக்காது. அவன் பழையபடி ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் சொன்னானே, அந்த ஒரு வார்த்தை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "கமாண்டர்டா. நீ சொன்னதுதான் சரி. நீ சொன்னது எல்லாமே சரி. திறந்துவிடுடா" என்றான்.

மண்டியிட்ட பிறகும் அதையேதான் சொன்னான். நீ சொன்னதே சரி, நீ சொன்னதே சரி என்று, சத்தம் தேய்ந்து தேய்ந்து நிற்கும் வரைக்கும்.

இது கொலை என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்கப் போவதில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அவனை நான் சாக விடவில்லை. என்னோடு சண்டை போடுவதற்கு, என்னால் முடிந்த வரைக்கும் அவனுக்கு நேரம் கொடுத்தேன்.